இறுக்காத போல்ட்

குரு என்றதும் ஆலமரத்தையும் வெண்தாடியையும் தேட வேண்டாம். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தெட்டு வயது. பெயர் கோகிலவாணி. கோயம்புத்தூரில் சூலூரைத் தாண்டி, பந்தயக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறாள். இடுப்பில் எப்போதும் ஒரு கிரீஸ் துணி தொங்கும்.

சீடருக்கு அறுபது வயது. பெயர் சென்னியப்பன். சோமனூரில் நூல் வியாபாரம். கடைவீதியில் நடந்தால் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுவார்கள். குருவைவிடச் சீடன் சின்னவனாக இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

ஒரு திங்கட்கிழமை காலையில் பட்டறை வாசலில் லாரி ஒன்று வந்து நின்றது. அதன் முதுகில் ஒரு சிவப்புக் கார். இரண்டே கதவு, தரையை உரசுகிற உயரம், அகலமான டயர்கள். இடது முன்சக்கரம் மட்டும் உள்பக்கம் மடிந்து கிடந்தது.

லாரியின் முன்சீட்டிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு சென்னியப்பன் இறங்கினார்.

வாணி குனிந்து சக்கரத்துக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"ஸ்ட்ரட் ஒடஞ்சிருச்சுங்க."

சக்கரத்துக்கும் காரின் உடம்புக்கும் நடுவே நிற்கிற தூண்தான் ஸ்ட்ரட். உள்ளே ஷாக் அப்சார்பர், அதைச் சுற்றி ஸ்பிரிங். ரோடு கொடுக்கிற அடியையெல்லாம் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்திருப்பவரை நிம்மதியாக இருக்கவிடுவது அதன் வேலை.

"எத்தன நாளா இப்படி நிக்குதுங்க?"

"ரெண்டு வருசமாச்சுங்க அம்மணி. ஷெட்டுல பூட்டி வெச்சிருந்தேன்."

"சரி, விட்டுட்டுப் போங்க. வேல முடிஞ்சதும் போன் பண்றேன்."

"இல்லீங்க. நானே மாட்டோணும். நீங்க சொல்லிக் குடுங்க."

வாணி அவருடைய வேட்டியைப் பார்த்தாள். கஞ்சி போட்டு விறைத்து நின்றது.

"எதுக்குங்ணா?"

"எம் புள்ளையோட வண்டிங்க."

அது பதில் ஆகாது என்று அவருக்கே தெரிந்தது.

"நான் 'விடுங்க'ன்னு சொன்னா, கையில என்ன இருந்தாலும் விட்டரோணும். சம்மதமுங்களா?"

"சம்மதமுங்க."

"நாளைக்கு வாங்க. வேட்டி வேண்டாம்."

மறுநாள் பேன்ட் போட்டுக்கொண்டு வந்தார். தன் கல்யாணத்துக்குக்கூடப் பேன்ட் போடாத மனுஷன் அவர்.

*

வேலையைத் தொடங்குவதற்கு முன் டீ வந்தது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சென்னியப்பன் எல்லாவற்றையும் சொன்னார்.

ஒரே மகள், மிதுனா. நூல் குடோன் வாசலில், சிப்பங்களுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டித்தான் கார் பழகினாள். பழக்கியது அவர்தான். அவள் முதல் பந்தயத்தில் ஜெயித்தபோது இந்தச் சிவப்புக் காரை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். சொந்தக்காரர்கள் பொட்டைப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்றபோது, மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

பிறகு ஒரு பந்தயத்தில், வளைவில் வேகமாகத் திரும்பும்போது இடது ஸ்ட்ரட் முறிந்தது. கார் பம்பரமாகச் சுற்றி, அடுக்கி வைத்திருந்த டயர்களில் போய் மோதி நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தானாகவே கதவைத் திறந்து இறங்கினாள்.

சென்னியப்பன் வேலியைத் தாண்டி ஓடினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்ற மகளின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"இனிமே ஓட்டமாட்டேன்னு என் தலமேல சத்தியம் பண்ணு."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. அதைச் சத்தியம் என்று எடுத்துக்கொண்டு, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மகள் சத்தியத்தைக் காப்பாற்றினாள். ஹெல்மெட்டை பீரோ மேல் வைத்துவிட்டுப் புனேவுக்குப் போனாள். அங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கார் கதவுகளுக்குப் படம் வரைகிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவுக்குப் போன் செய்வாள். அப்பாவிடம் மட்டும் பேசமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னியப்பன் பக்கத்து அறையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். மகள் ஸ்பீக்கரில் பேசுவது கதவு வழியாகக் கேட்கும். அவள் ஒரு தடவை சிரித்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு இரண்டு இட்லி கூட இறங்கும். பேரம் பேசி எதிராளியைத் திணற அடிக்கிற மனுஷன், தன் வீட்டுக்குள்ளேயே திருடனைப் போல ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் ஒன்று கேட்டாள்.

"அம்மா, அந்த வண்டிய வித்துட்டாரா?"

"இல்ல கண்ணு. ஷெட்டுலதான் நிக்குது."

"ம்."

அவ்வளவுதான். அடுத்து ஊறுகாயைப் பற்றிப் பேசப் போய்விட்டாள். சென்னியப்பனுக்கு அந்த 'ம்' காதைவிட்டுப் போகவில்லை. மறுநாள் காலையிலேயே லாரி பிடித்துவிட்டார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயைக் கீழே வைத்தார்.

"எம் புள்ள வருவாளுங்களா அம்மணி?"

வாணி தன் டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

"பானட்டைத் தூக்குங்க," என்றாள்.

*

எஞ்சினை மூடுகிற பானட்டுக்குக் கீழே, ஸ்ட்ரட்டின் தலை தெரிந்தது. சுற்றிலும் மூன்று சின்ன நட்டுகள். நடுவில் ஒரு பெரிய நட்டு.

சென்னியப்பன் ஸ்பானரை எடுத்து நேராகப் பெரியதில் மாட்டினார். வியாபாரத்தில் அவருக்கு அதுதான் வழக்கம். பெரிய ஆளைப் பிடித்தால் சின்னவர்கள் தானாக வழிக்கு வருவார்கள்.

"விடுங்க."

கையை விட்டார்.

"அதுக்குக் கீழ ஸ்பிரிங் அமுங்கி ஒக்காந்திருக்குது. இந்த நட்டக் கழட்டுனா அது ஒரேயடியா எந்திரிக்கும். உங்க தாடை அதுக்கு நேராத்தான் இருக்குது."

அவர் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப எப்படீங்க எடுக்கறது?"

"சின்னது மூணையும் கழட்டி முழுசா வெளிய எடுங்க. பெருசு கடைசீல."

வெளியே எடுத்துத் தரையில் கிடத்தினார்கள். வாணி இரண்டு பெரிய கொக்கித் திருகுகளைக் கொண்டுவந்து, ஸ்பிரிங்கின் இரண்டு பக்கமும் மாட்டினாள். திருகத் திருக ஸ்பிரிங் கொக்கிகளுக்குள் அடங்கும். அதன் பலம் கொக்கிகளுக்கு வந்த பிறகுதான் நடு நட்டைக் கழற்றலாம். அதற்கப்புறம் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால், ஸ்பிரிங் யாரையும் அடிக்காமல் நீளும்.

"இந்தப் பக்கம் ரெண்டு சுத்து. அப்புறம் அந்தப் பக்கம் ரெண்டு சுத்து. மாத்தி மாத்தி."

சென்னியப்பனுக்கு அவசரம். ஒரே பக்கத்தைப் பிடித்துத் திருகிக்கொண்டே போனார். ஸ்பிரிங் வில்லாக வளைந்தது. எதிர்ப்பக்கக் கொக்கி கிறீச்சென்று நகர்ந்தது.

"விடுங்க."

விட்டார். நெற்றியில் வேர்வை.

"ஒரு பக்கமே திருகுனா, சீக்கிரம் முடியும்னு பாத்தேனுங்க."

"முடிஞ்சிருக்கும்," என்றாள் வாணி.

அதற்குப் பிறகு அவர் மாற்றி மாற்றித்தான் திருகினார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனது. கடைசியில் ஸ்பிரிங் தளர்ந்து, ஒரு சத்தமும் இல்லாமல் தரையில் உருண்டு நின்றது.

அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இத்தன கோவத்தை உள்ள வெச்சிருந்துச்சுங்களே இது."

"கோவமெல்லாம் இல்லீங்ணா. அமுக்கி வெச்சிருந்தாங்க."

சென்னியப்பன் ஸ்பிரிங்கை மெதுவாகத் தரையில் வைத்தார்.

*

அடுத்த நாள் அவர் புது ஸ்ட்ரட் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்தார். குழந்தைக்குத் தீபாவளித் துணி எடுத்து வந்தவர் மாதிரி முகம்.

"இன்னொண்ணு எங்கீங்க?" என்றாள் வாணி.

"வலது பக்கம் நல்லாத்தானுங்க இருக்குது. ஒடஞ்சது இடதுதானே?"

வாணி வலது ஸ்ட்ரட்டையும் கழற்றச் சொன்னாள். இந்தத் தடவை அவர் திருகுகளை ஒழுங்காகத் திருகினார். ஸ்பிரிங்கை எடுத்த பிறகு, பழைய வலதையும் புது இடதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

"ரெண்டையும் அமுக்குங்க."

புது ஸ்ட்ரட்டின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த தண்டை உள்ளங்கையால் அமுக்கினார். உள்ளே போனது. கையை எடுத்ததும் மெல்ல மெல்ல எழுந்து, தன் முழு உயரத்துக்கு வந்து நின்றது.

பழையதை அமுக்கினார். உள்ளே போனது. கையை எடுத்தார். அது அங்கேயே கிடந்தது.

"இது வெளிய ஒண்ணுமே காட்டலீங்களே!"

"ரெண்டும் ஒரே ரோட்டுலதானுங்க ஓடுச்சு. அடியும் ரெண்டுக்கும் ஒண்ணுதான். அது ஒடஞ்சு காட்டுச்சு. இது காட்டல."

சென்னியப்பன் பழைய தண்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பந்தயத்தன்று ராத்திரி மகள் அறையில் அழுதாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவி, கணக்குப் பார்க்க உட்கார்ந்தார். கல் நெஞ்சு என்று சம்சாரம்கூடச் சொன்னாள். கல்லாவது ஒன்றாவது. கூட்டலே வரவில்லை அவருக்கு அன்றைக்கு.

அப்புறம் புதிய தண்டுக்குத் திரும்பினார். அமுக்கினார். எழுந்தது. மறுபடியும் அமுக்கினார். மறுபடியும் எழுந்தது.

"என்னுங்க பண்றீங்க?"

"திரும்பி வருதுங்க அம்மணி. பாருங்க. அதுவா வருது."

"வரும்."

"எத்தன வருசத்துக்கு வருமுங்க?"

"அமுக்கிப் புடிச்சிட்டு இருக்கற கையை எடுத்தாத்தான் வருமுங்க," என்றாள் வாணி. "போயி இன்னொண்ணு வாங்கிட்டு வாங்க."

*

இரண்டு பக்கமும் மாட்டி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. கார் லிஃப்ட்டில் இருந்தது. நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கின.

சக்கரத்தைக் காரோடு இணைக்க, அடியில் கை மாதிரி நீண்ட இரும்பு ஒன்று உண்டு. ஆர்ம் என்பார்கள். விபத்தில் அதன் மூட்டில் இருந்த ரப்பரும் கிழிந்திருந்ததால் அதையும் இரண்டு பக்கமும் மாற்றியிருந்தார்கள். அந்த மூட்டுகளின் போல்ட்டுகளை மட்டும் வாணி கையால் திருகி விட்டுவிட்டு, வேறொரு காரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினாள்.

"நான் வர்ற வரைக்கும் டீ குடிச்சிட்டு இருங்க."

சென்னியப்பன் டீ குடிக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த போல்ட்டைப் பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு பொறுக்கவில்லை. இப்படி ஏதோ ஒன்று தளர்வாக இருந்துதானே அன்றைக்கு என் புள்ளை சுற்றினாள் என்று தோன்றியது. ஸ்பானரை மாட்டினார். ஸ்பானரின் பிடியில் ஒரு நீளப் பைப்பைச் சொருகி, தொங்கி இறுக்கினார். இரண்டு பக்கமும்.

காரை இறக்கினார். ரெண்டு வருஷமாகச் சட்டைப் பையிலேயே இருந்த சாவியைப் போட்டுத் திருப்பினார். புது பேட்டரி. எஞ்சின் உறுமி எழுந்தது. நூல் மண்டியில் சிங்கம் மாதிரி உட்காரும் மனுஷன், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டறை மைதானத்தில் ஒரு சுற்று ஓட்டினார். ஒவ்வொரு பள்ளத்திலும் முன்னால் ஒரு முனகல். காரின் மூக்கும் கொஞ்சம் தூக்கியபடியே இருந்தது. அவர் கவனிக்கவில்லை. போனை எடுத்துக் காரை ஒரு படம் பிடித்தார். 'வண்டி ரெடி, வந்துவிடு' என்று எழுதி மகளுக்கு அனுப்பத்தான்.

திரும்பி வந்திருந்த வாணி, வாசல் கதவருகில் நின்று அந்த முனகலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆர்ம் போல்ட்ட எப்ப இறுக்குனீங்க?"

"இப்பத்தானுங்க. லிஃப்ட்ல இருக்கறப்பவே. பைப் போட்டு இறுக்கிட்டேன். இனி ஒரு நூல் அசையாது."

"சக்கரம் தொங்கிட்டு இருக்கறப்பவா?"

"ஆமாங்க."

வாணி திட்டவில்லை. மேசையிலிருந்து தகடு கவ்வுகிற இரண்டு கிளிப்புகளை எடுத்துவந்தாள்.

"கையத் தொங்கப் போடுங்க."

போட்டார். அவருடைய முழுக்கைச் சட்டையின் கைகளை முழங்கையருகே இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கமும் சட்டையின் இடுப்போடு சேர்த்துக் கவ்வவிட்டாள்.

"இப்பக் கும்பிடுங்க."

கும்பிட்டார். தோளில் சட்டை முறுக்கிக்கொண்டது. தையல் நறநறத்தது.

"அப்படியே நில்லுங்க. டீ குடிச்சிட்டு வர்றேன்."

அறுபது வயது நூல் வியாபாரி, பட்டறை நடுவில், யாரையோ கும்பிட்டபடி நின்றார். வாணி நிதானமாகத்தான் குடித்தாள். அவள் டீ குடிக்கும் வேகத்தை நானும் பார்த்திருக்கிறேன். காய்ச்சிய நேரத்தைவிடக் குடிக்கிற நேரம் அதிகம்.

"வலிக்குதுங்க அம்மணி."

"சட்டை அளவு பத்தலீங்களா?"

"அளவெல்லாம் சரிதானுங்க. கையத் தொங்கப் போட்டப்பப் புடிச்சு மாட்டீட்டீங்க. அதான் தூக்குனா முறுக்குது."

வாணி வந்து கிளிப்புகளைக் கழற்றினாள். அவர் தோளை உருட்டிக்கொண்டார்.

"அந்த மூட்டுக்குள்ள இருக்கற ரப்பரும் அப்படித்தானுங்க. இறுக்கறப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே புடிச்சுக்கும். தொங்கறப்ப இறுக்குனா, தரையில நிக்கற பொழுதெல்லாம் அது முறுக்கிட்டுத்தான் நிக்கும். வெளிய பாத்தாத் தெரியாது."

"அப்புறம்?"

"ஒரு நாளைக்குக் கிழியும்."

சென்னியப்பன் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். கையில் இருந்த போனைப் பார்த்தார். படத்தை அனுப்பாமல் பையில் போட்டார்.

"அன்னிக்கு அவ ஹெல்மெட்டக்கூடக் கழட்டலீங்க."

வாணி கிளிப்புகளை மேசையில் வைத்தாள்.

அவர் காரைப் பார்த்தபடி கேட்டார். "இதத் திருப்பிக் கழட்ட முடியுமுங்களா?"

"முடியுமுங்க."

"நீங்க கழட்டிக் குடுங்க அம்மணி. பைப் போட்டு இறுக்கீட்டேன். எனக்குக் கை வராது."

"இறுக்குனது யாருங்க?"

அவர் எழுந்துபோய் அதே பைப்பை எடுத்துவந்தார்.

*

மறுநாள் காரை, அடியில் நின்று வேலை பார்க்கிற குழியின்மேல் நிறுத்தினார்கள். நான்கு சக்கரமும் தரையில் நின்றன. வாணி காரை நாலைந்து தடவை முன்னும் பின்னும் உருட்டி, அதன் எடையை அதுவே தாங்கி உட்காரவிட்டாள். சென்னியப்பன் ஸ்பானரோடு குழிக்குள் இறங்கி, காருக்கு அடியில் நின்றார்.

"இப்ப இறுக்கலாமுங்களா?"

"ஓட்டறவங்க எடை இன்னும் வரலீங்களே."

பந்தயக் காருக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் உட்கார்ந்தால் எவ்வளவு எடையோ, அந்த எடையைச் சீட்டில் வைத்துத்தான் கடைசி இறுக்கத்தைச் செய்வார்கள். ஆள் இல்லாவிட்டால் மணல் மூட்டை வைப்பார்கள்.

"நான் வேணா ஏறி உக்காரட்டுங்களா?"

"நீங்களா ஓட்டப் போறீங்க?"

குழிக்குள்ளிருந்து அவசரமாக ஒரு குரல்.

"அம்பத்திரண்டு கிலோங்க. அவ அம்பத்திரண்டு. நல்லா ஞாபகம் இருக்குது."

"எப்ப?"

"அப்பங்க."

"அது ரெண்டு வருசத்துக்கு முந்தின புள்ள. இப்ப எத்தனீங்க?"

சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. எந்த மில்லில் எவ்வளவு நூல் கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மகள் இளைத்திருக்கிறாளா, சதை போட்டிருக்கிறாளா, தெரியாது. முடியை வெட்டிக்கொண்டாளா, தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கதவு வழியாக வருகிற குரலில் அதெல்லாம் தெரிவதில்லை. மகளை ஒரு தடவை கண்ணாரப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

"அவங்கம்மாளக் கேக்கச் சொல்லட்டுங்களா?"

சீட்டில் கிடந்த அவருடைய போனை எடுத்து, குழி விளிம்பில் உட்கார்ந்து, கீழே நீட்டினாள் வாணி.

வாங்கிக்கொண்டார். மகளின் எண்ணை அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. போய் ஓய்ந்தது.

"எடுக்கமாட்டாளுங்க."

வாணி எழுந்து போகவில்லை.

போன் அவர் கையிலேயே அதிர்ந்தது.

"அம்மாவுக்கு என்னாச்சு?" மகளின் குரல் பதறியது.

"ஒண்ணும் இல்ல சாமி. அம்மா நல்லா இருக்கறா."

அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம். அவள் வைத்துவிடவில்லை. சென்னியப்பன் இரண்டு வருஷமாகப் பேசிப் பேசிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"கண்ணு, நீ இப்ப எத்தன கிலோ இருக்கற?"

"என்னது?"

"இல்ல... ஆர்ம் போல்ட்டு இறுக்கோணும்."

"எங்கிருந்து பேசறீங்க?"

"குழிக்குள்ள இருந்து. நம்ம வண்டிக்கு அடியில நிக்கறேன்."

"நீங்களா?"

"நாந்தான்."

"ஒடஞ்சத மட்டும் மாத்துனீங்களா?"

"ரெண்டு பக்கமும் மாத்தீட்டேன் சாமி."

யாரோ இந்தியில் அவளை எதற்கோ கூப்பிடுவது கேட்டது. அவள் போகவில்லை.

"எடை... ஹெல்மெட்டோடயா, இல்லாமயா?"

சென்னியப்பன் போனைக் கையால் மூடிக்கொண்டு அண்ணாந்தார். குழி விளிம்பில் வாணியின் செருப்பு மட்டும் தெரிந்தது.

"ஹெல்மெட்டோடயான்னு கேக்கறாளுங்க அம்மணி. நான் என்னங்க சொல்றது?"

"என்னைக் கேக்கலீங்களே."

காரின் அடிவயிறு அவர் தலைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. அன்றைக்கு மகளின் கையைப் பிடித்து வைத்துக்கொண்ட அதே இடத்தில், உச்சந்தலையில், தன் கையை வைத்துக்கொண்டார். டயர்களில் போய் மோதிய சத்தம் இன்னொரு தடவை காதில் கேட்டது. அது முடிகிற வரைக்கும் காத்திருந்தார்.

போனைக் காதில் வைத்தார்.

"ஹெல்மெட்டோட, சாமி."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"ஹெல்மெட்டு அங்கதான இருக்குது."

"இங்கதான். பீரோ மேல. நாந்தான் தொடச்சுத் தொடச்சு வெச்சிருக்கறேன்."

"அப்புறம் எப்படிப்பா எடை பாக்கறது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

சென்னியப்பன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"என்னுங்க சொன்னாங்க?" மேலேயிருந்து வாணி கேட்டாள்.

"எப்படிப்பா எடை பாக்கறதுன்னு கேட்டாளுங்க. எப்படி'ப்பா'ன்னு." அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "வேற ஒண்ணும் சொல்லல. வர்றேன்னும் சொல்லல. வரலேன்னும் சொல்லல."

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"எம் புள்ள வருவாளுங்களா அம்மணி?"

"போல்ட்டத் தொட்டுப் பாருங்க. இறுகியிருக்குதுங்களா?"

அவர் இரண்டு விரலால் தொட்டார். போல்ட் லேசாகச் சுழன்றது.

"இல்லீங்க."

"அப்ப மேல ஏறி வாங்க," என்றாள் வாணி. "வந்து ஓட்டறவங்க சீட்டத் தொடைங்க."